மோதிரக் கதையின் நிலைபேறு – ஒரு வரலாற்று நோக்கு

1997ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரித்தானிய வாசகரிடையே நடத்தப்பெற்ற கருத்துக்கணிப்பொன்றின் முடிவு வெளியாயிற்று. வாட்டர்ஸ்ரோன்ஸ் என்னும் புத்தக விற்பனை நிறுவனமும் சனல் 4 தொலைக்காட்சியும் இணைந்து நடத்திய அக்கணிப்பிலே, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நூல் எது என்ற வினாவுக்கு வாசகர் அளித்த விடை கற்றோர் பலரைத் திகைக்க வைத்தது. ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நாவல்கள் இரண்டாம் மூன்றாம் இடங்களையும், ஜேம்ஸ் ஜொய்ஸின் 'யுலிசிஸ்' நான்காம் இடத்தையும் பெற்றன. முதலிடம் பெற்றதோ ஜே. ஆர். ஆர். ரொல்கீன் என்னும் ஒக்ஸ்போட் பேராசிரியர் எழுதிய 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' என்ற மூன்று பாகங்கொண்ட மிகுகற்பனைக் கதையாகும். 2003ஆம் ஆண்டில் பி. பி. சி. நிறுவனம் நடத்திய மற்றொரு கணிப்பிலும் இந்நூலே முதலிடம் பெற்றது.

குறளரும் மந்திரவாதிகளும் பேசும் மரங்களும் நடமாடும் ஒரு கதை, இரு உலகப் போர்களையும் அணுகுண்டையும் கண்ட நூற்றாண்டின் தலைசிறந்த நூலாக எவ்வாறு கொள்ளப்படலாயிற்று? வாசகரின் சுவை தாழ்ந்துவிட்டது என்பது ஒரு விடை. அழியாத இலக்கியம் காலத்தை வெல்லும் என்பது மற்றொரு விடை. முதலாவது விடை வாசகரை இழிவு செய்கின்றது. இரண்டாவது விடை எதனையும் விளக்குவதில்லை. ஒரு நூல் நிலைபெறுவது தானாக நிகழும் காரியமன்று. அதனை எழுதியவனுடைய காலமும், அச்சிட்டு விற்றவர்களுடைய முயற்சியும், வாசித்தவர்களுடைய தேவையும் ஒன்றுசேர்ந்தே அதனை நிலைநிறுத்துகின்றன. இவ்வகையில், மோதிரக் கதையின் நிலைபேற்றினை ஒரு வரலாற்று நிகழ்வாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியரும் அவர் காலமும்

ஜோன் றொனால்ட் றூவல் ரொல்கீன் 1892 ஜனவரி 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொன்ரெயின் நகரிற் பிறந்தார். தாயுடன் இங்கிலாந்துக்கு வந்திருந்த வேளையில், 1896இலே தந்தை தென்னாபிரிக்காவில் இறந்தார். பேர்மிங்ஹாம் நகரத்தின் புறத்தேயிருந்த சேர்ஹோல் என்னும் சிற்றூரில் அவருடைய இளமையின் சில ஆண்டுகள் கழிந்தன. ஆலைத்தொழில் வளர வளர, அவ்வூரின் நீராலையும் மரங்களும் வயல்களும் விரிந்துவந்த நகரத்தின் வாயில் அகப்படலாயின. 1904இல் தாயும் இறந்தார். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரின் பாதுகாப்பில் ரொல்கீனும் தம்பியும் வளர்ந்தனர்.

பேர்மிங்ஹாமில் எட்வேர்ட் மன்னர் பாடசாலையிற் பயின்ற காலத்தில் அவரும் நண்பர் மூவரும் ஓர் இலக்கியக் குழுவாக இயங்கினர். பின்னர் ஒக்ஸ்போட்டிற் செவ்வியல் மொழிகளைக் கற்கத் தொடங்கியவர், 1913இல் ஆங்கில மொழியும் இலக்கியமும் என்ற நெறிக்கு மாறி, 1915இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் எடித் பிராற் என்பாரை மணந்தார். திருமணமாகி மூன்று மாதங்கள் செல்லுமுன்னரே, லங்காஷயர் படைப்பிரிவின் செய்தித்தொடர்பு அதிகாரியாகப் பிரான்சின் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்.

1916 யூலை 1ஆம் திகதி தொடங்கிய சொம் போரின் முதல் நாளிலே மட்டும் பிரித்தானியப் படையினர் பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரொல்கீனின் பாடசாலை நண்பருள் ஒருவரான றொபேட் கில்சன் அவர்களுள் ஒருவர். மற்றொரு நண்பரான ஜெஃப்ரி பேச் சிமித் அவ்வாண்டு டிசெம்பரில் காயங்களால் இறந்தார். பதுங்குகுழிகளிற் பரவிய காய்ச்சலுக்கு ஆளாகி நவம்பரில் நாடு திரும்பிய ரொல்கீன் உயிர் தப்பினார். 1918 அளவிலே தம் நெருங்கிய நண்பருள் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் மாண்டுவிட்டனர் என்று அவர் பிற்காலத்தில் தம் நூலின் முன்னுரையிற் குறிப்பிட்டுள்ளார்.

நாடு திரும்பி மருத்துவமனைகளிற் கழித்த அக்காலத்திலேயே தம் கற்பனை உலகின் முதற் கதைகளை அவர் எழுதத் தொடங்கினார் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. அவருடைய தலைமுறையைச் சேர்ந்த சசூன், ஓவன் முதலிய கவிஞர்கள் போர்முனையின் சேற்றையும் குருதியையும் உள்ளவாறே பாடினர். ரொல்கீனோ அதே அனுபவத்தைத் தொன்மக் கதையாக மாற்றினார். இரண்டும் ஒரே நிகழ்வுக்குப் பிறந்த இருவேறு மறுமொழிகளாகும். மோதிரக் கதையிலே இறந்தோர் முகங்கள் நீருக்கடியில் மிதக்கும் சதுப்புநிலம் ஒன்று வருகின்றது. அந்நிலக்காட்சி சொம் போருக்குப் பின்னரான வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டது என்று அவரே கடிதமொன்றில் ஒப்புக்கொண்டுள்ளார்.

மொழியிலிருந்து பிறந்த உலகம்

போரின் பின் ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் தொகுப்புப் பணியில் ஈடுபட்ட ரொல்கீன், 1920 முதல் லீட்ஸ் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். 1925இல் ஒக்ஸ்போட்டின் அங்கிலோ-சாக்சன் பேராசிரியரானார். 1945இல் மேர்ட்டன் பேராசிரியராக மாறி, 1959இல் ஓய்வு பெற்றார். தொழிலால் அவர் மொழிநூலறிஞர். சிதைந்த ஏடுகளில் எஞ்சிய ஒரு சொல்லைக் கொண்டு, அதனைப் பேசிய மக்களின் வாழ்வை மீட்டுருவாக்க முயல்வது அத்துறையின் இயல்பு. மோதிரக் கதையின் தனித்தன்மைக்கு இத்தொழிற்பயிற்சியே முதற்காரணம் எனலாம்.

பொதுவாகக் கதை எழுதுவோர் கதையை அமைத்தபின் அதற்கேற்ற பெயர்களைத் தேடுவர். ரொல்கீன் இம்முறையைத் தலைகீழாக்கினார். இளமைதொட்டே மொழிகளைப் புனைவதில் அவருக்குப் பெருவிருப்பு இருந்தது. பின்லாந்து மொழியின் ஒலியழகால் ஈர்க்கப்பட்டு ஒரு மொழியையும், வேல்சு மொழியின் ஒலியமைப்பைத் தழுவி மற்றொரு மொழியையும் அவர் படைத்தார். இரண்டும் ஒரு மூலமொழியிலிருந்து கிளைத்தவை எனக்கொண்டு, அவற்றிடையே நிகழ்ந்த ஒலிமாற்றங்களையும் வகுத்தார். மொழி மாறவேண்டுமாயின் அதனைப் பேசும் மக்கள் பிரியவேண்டும். மக்கள் பிரியவேண்டுமாயின் அவர்களுக்கு ஒரு வரலாறு வேண்டும். இவ்வாறே மொழியிலிருந்து மக்களும், மக்களிலிருந்து கதையும் பிறந்தன.

இதன் பயனை வாசகன் பக்கத்துக்குப் பக்கம் உணர்கின்றான். கதை மாந்தர் ஒரு பாழடைந்த கோட்டையைக் கடந்து செல்லும்போது, அதனைக் கட்டியவர் யார், வீழ்த்தியவர் யார் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை பிறக்கின்றது. சொல்லப்பட்ட கதைக்குப் பின்னால், சொல்லப்படாத கதைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இப்பண்பை ரொல்கீன் 'பேயோவுல்ஃப்' என்னும் பழைய ஆங்கிலக் காவியத்திலிருந்து கற்றுக்கொண்டார் என்று கொள்ள இடமுண்டு. அக்காவியம் பற்றி 1936இற் பிரித்தானிய அகாதமியில் அவர் ஆற்றிய விரிவுரை, அத்துறை ஆய்வின் போக்கையே மாற்றியது. அதுவரை அறிஞர்கள் அக்காவியத்தை வரலாற்றுத் தகவல்களைத் தோண்டி எடுக்கும் சுரங்கமாகவே கருதி, அதில் வரும் அரக்கர்களைச் சிறுபிள்ளைத்தனமானவை என ஒதுக்கினர். அரக்கர்களே அக்கவிதையின் உயிர் என ரொல்கீன் வாதிட்டார். தோல்வி உறுதி என்று தெரிந்தும் இருளோடு பொரும் மனிதனின் நிலையை அரக்கர்களின்றி அக்கவிஞன் காட்டியிருக்க இயலாது என்பதே அவர் கருத்தின் சாரம்.

நூல் உருவாகி வெளிவந்த வரலாறு

1937 செப்டெம்பர் 21ஆம் திகதி 'த ஹொபிற்' என்னும் அவருடைய சிறுவர் நூல் ஜோர்ஜ் அலன் அன்ட் அன்வின் நிறுவனத்தால் வெளியிடப்பெற்றது. பதிப்பாளரின் பத்து வயது மகன் றேய்னர் அன்வின், ஒரு சிலிங் கூலி பெற்று, கையெழுத்துப் படியை வாசித்து நற்சான்று வழங்கியிருந்தான். நூல் நன்கு விற்பனையாகவே, பதிப்பாளர் தொடர்ச்சி கேட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் ரொல்கீன் எழுதத் தொடங்கிய தொடர்ச்சியே மோதிரக் கதையாகும். சிறுவர் கதையாகத் தொடங்கியது எழுத எழுத வேறுருக்கொண்டது. முற்கதையில் அணிபவனை மறையச் செய்யும் வேடிக்கைப் பொருளாக இருந்த மோதிரம், இங்கே உலகனைத்தையும் அடிமை கொள்ளும் அதிகாரத்தின் உருவாயிற்று.

இடையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கற்பித்தலும் போர்க்காலக் கடமைகளும் குறுக்கிட, எழுத்துப்பணி பலமுறை தடைப்பட்டது. 1944இல், விமானப்படையிற் சேர்ந்து தென்னாபிரிக்காவிற் பயிற்சிபெற்ற மகன் கிறிஸ்ரபருக்குப் புதிய அத்தியாயங்களை அவர் அனுப்பிவந்தார். 1949இலேயே நூல் முற்றுப்பெற்றது. தொடங்கி ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

வெளியிடுவதும் எளிதாக இருக்கவில்லை. தம் தொன்மக் கதைத்தொகுதியான 'சில்மரிலியன்' நூலையும் உடன் வெளியிடவேண்டும் என ரொல்கீன் விரும்பினார்; வேறொரு பதிப்பகத்துடன் பேசி, அது கைகூடாது போக, 1952இல் அன்வின் நிறுவனத்திடமே திரும்பிவந்தார். பத்து வயதில் முதல்நூலுக்குச் சான்று வழங்கிய றேய்னர் அன்வின் அப்பொழுது பதிப்பகத்திற் பணியாற்றினார். இந்நூலால் ஆயிரம் பவுண் நட்டம் நேரலாம் என அவர் தந்தைக்கு எழுதினார். மேதையின் படைப்பென்று நம்பினால் அந்நட்டத்தை ஏற்கலாம் எனத் தந்தை மறுமொழி அனுப்பினார். கடுதாசி விலை உயர்வால் நூல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. செலவு ஈடாகும்வரை ஆசிரியருக்கு எதுவும் இல்லை, அதன்பின் இலாபத்திற் பாதி என உடன்பாடு செய்யப்பட்டது. நட்டத்துக்கு அஞ்சிச் செய்யப்பட்ட அவ்வுடன்பாடே பின்னாளில் ஆசிரியரைச் செல்வராக்கியது. முதற் பாகம் 1954 யூலை 29ஆம் திகதியும், இரண்டாம் பாகம் அவ்வாண்டு நவம்பரிலும், மூன்றாம் பாகம் 1955 ஒக்ரோபரிலும் வெளிவந்தன. முதற் பாகத்தின் முதலச்சு மூவாயிரம் பிரதிகளே.

திறனாய்வாளரின் இரு அணிகள்

நூல் வெளிவந்ததும் திறனாய்வாளர் இரு அணியாயினர். ஒக்ஸ்போட்டில் ரொல்கீனின் விரிவுரை கேட்ட கவிஞர் டபிள்யூ. எச். ஓடன் இதனை உயர்ந்த வீரப்பயணக் கதை எனப் போற்றினார். அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மன்ட் வில்சன் 1956இல் 'த நேஷன்' சஞ்சிகையில் எழுதிய மதிப்புரையில், அளவுமீறி வளர்ந்த சிறுவர் கதை என எள்ளினார். 1978இல் நாவலாசிரியர் மைக்கல் மூர்கொக், இத்தகைய கதைகள் நடுத்தர வர்க்கத்துக்குத் தாலாட்டுப் பாடி உறங்கவைப்பவை என்ற கருத்துப்படக் கடுமையான கட்டுரையொன்றை எழுதினார்.

இக்கண்டனங்களின் அடிப்படை ஒன்றே: மிகுகற்பனை என்பது தப்பித்தல், சமூக யதார்த்தத்திலிருந்து வாசகனைத் திசைதிருப்புவது. இலக்கியத்தின் சமூகப் பணியை வலியுறுத்தும் எவரும் இக்குற்றச்சாட்டை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. நாட்டில் அநீதி நிகழும்போது நடவாத உலகொன்றிற் சஞ்சரிப்பது, அநீதிக்கு மௌனமாக உடன்படுவதாகவும் முடியலாம்.

ஆயின் இக்குற்றச்சாட்டை ரொல்கீன் முன்கூட்டியே எதிர்கொண்டிருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1939 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி அவர் ஆற்றிய விரிவுரை 1947இற் கட்டுரையாக வெளிவந்தது. சிறைப்பட்டவன் சுவர்களுக்கப்பாலுள்ள உலகை எண்ணுவதையும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதுவது தவறு என்பது அதிற் காணப்படும் வாதங்களுள் ஒன்று. சுவருக்கு வெளியே ஓர் உலகுண்டு என்ற நினைவை இழந்த கைதி, சுவரையே உலகின் எல்லையாகக் கொள்வான். எனவே, தப்பித்தலா என்று கேட்பதோடு நில்லாது, எதிலிருந்து, எதனை நோக்கி என்றும் நாம் வினவ வேண்டியவராகின்றோம். அவ்வினாவுக்கு விடை நூலில் மட்டுமன்றி, அது வாசிக்கப்பட்ட சூழல்களிலும் தேடப்படவேண்டும்.

அமெரிக்க மாணவரும் மலிவுப் பதிப்பும்

முதற் பத்தாண்டுகளில் இந்நூல் ஓரளவு விற்பனையான, கெட்டி அட்டை போட்ட, விலைகூடிய நூலாகவே இருந்தது. அதனை மக்கள் நூலாக்கியது 1965இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பதிப்புரிமைப் பிணக்காகும். அந்நாட்டின் அன்றைய சட்டம் வெளிநாட்டில் அச்சான நூல்களின் இறக்குமதிக்கு எண்ணிக்கை வரம்பு விதித்திருந்தது. அவ்வரம்பு மீறப்பட்டமையால் நூலுக்குப் பதிப்புரிமை இல்லை என வாதிட்ட ஏஸ் புக்ஸ் நிறுவனம், ஆசிரியரின் அனுமதியின்றி ஒவ்வொரு பாகத்தையும் 75 சதத்துக்கு விற்றது. பலன்ரைன் நிறுவனம் அனுமதிபெற்ற பதிப்பை 95 சதத்துக்கு அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளியிட்டது. தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களுக்கு ரொல்கீன் இதனை எடுத்துரைத்தார்; வாசகர் கூட்டமும் செய்தியைப் பரப்பியது. முடிவில் ஏஸ் நிறுவனம் ஆசிரியருக்குரிய பங்கை வழங்கவும், மீண்டும் அச்சிடாதிருக்கவும் உடன்பட்டது. பிணக்கே பெரும் விளம்பரமாயிற்று.

மலிவுப் பதிப்பு மாணவரின் கைக்கு எட்டியது. அதே 1965ஆம் ஆண்டில்தான் அமெரிக்கத் தரைப்படைகள் வியட்நாமில் இறக்கப்பட்டன. கட்டாயப் படைச்சேர்ப்பின் நிழலில் வாழ்ந்த இளைஞருக்கு, மாபெரும் ஆயுதம் கையிற் கிடைத்தும் அதனைப் பயன்படுத்த மறுத்து, அழிப்பதற்காகவே நெடுந்தூரம் நடக்கும் சிறிய மனிதரின் கதை வேறொரு பொருளைத் தந்தது. மரங்களை வெட்டி உலைகளிலிட்டுப் படைக்கலம் வார்க்கும் சருமான் என்ற மந்திரவாதியில், இயந்திர நாகரிகத்தின் முகத்தை அவர்கள் கண்டனர். 'புரோடோ வாழ்கிறான்' என்ற வாசகம் சட்டைப் பொத்தான்களிலும் சுவர்களிலும் தோன்றியது. கதாநாயகனின் பெயர் ஒரு தலைமுறையின் எதிர்ப்புக் குரலாயிற்று.

இதிலுள்ள முரண் சுவையானது. பழைமைப் பற்றும் கத்தோலிக்க நம்பிக்கையும் கொண்ட, மாலை வேளைகளிற் சுங்கான் புகைக்கும் முதிய பேராசிரியருக்கும், நீள்முடி வளர்த்த கலிபோர்னிய மாணவருக்கும் பொதுவானது யாது? அதிகாரத்தின்மீதும் இயந்திரத்தின்மீதும் இருவருக்கும் இருந்த அவநம்பிக்கையே. அணுகுண்டின் உருவகம் மோதிரம் எனப் பலர் கூறியபோது, ரொல்கீன் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதனை மறுத்தார். ஆசிரியன் வாசகன்மீது திணிக்கும் உருவகத்தைத் தாம் வெறுப்பதாகவும், வாசகன் தன் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கும் உரிமையை மதிப்பதாகவும் அவர் தெளிவுபடுத்தினார். பொருளைப் பூட்டிவைக்காத இவ்வியல்பே நூலின் நீண்ட ஆயுளுக்குரிய தலையாய காரணங்களுள் ஒன்று.

இரும்புத்திரைக்கு அப்பாலும் இத்தாலியிலும்

பூட்டப்படாத வீட்டிற் யாவரும் புகலாம். இதனை இரு வரலாற்றுச் சான்றுகள் காட்டுகின்றன.

முதலாவது, கிழக்கு ஐரோப்பா. போலந்தில் 1961 முதல் 1963 வரையான காலத்திலேயே இந்நூல் மொழிபெயர்க்கப்பட்டது. சோவியத் யூனியனில் நெடுங்காலம் தட்டச்சுப் படிகளாகக் கைமாறி வாசிக்கப்பட்டு, 1982இல் முதற் பாகத்தின் சுருக்கம் அச்சேறியது. ஹங்கேரிய மொழிபெயர்ப்பு 1981இல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதியை மொழிபெயர்த்தவர் ஆர்பாட் கொன்ட்ஸ் என்பவர். 1956ஆம் ஆண்டு ஹங்கேரிய எழுச்சியிற் பங்குகொண்டமைக்காக ஆயுட்சிறை விதிக்கப்பட்டு, சிறையிலே ஆங்கிலம் கற்று, 1963இற் பொதுமன்னிப்பில் விடுதலையானவர் அவர். பிழைப்புக்கு மொழிபெயர்ப்பை நம்பி வாழ்ந்தவர். 1990இல் அவரே அந்நாட்டின் சனாதிபதியானார். அதிகாரத்தைக் கையிலெடுத்தால் நன்மைக்காகவே பயன்படுத்துவேன் என்று எண்ணுவோனையும் அது கெடுத்துவிடும் என்ற கதையை, அதிகாரத்தின் கொடுமையைச் சிறையில் அறிந்த ஒருவர் தம் மக்களின் மொழியில் எழுதினார். இதனைத் தப்பித்தல் என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவது சான்று மனத்துக்கு இதமானதன்று. இத்தாலியிலே 1970இல் முழு மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், முசோலினியின் பாசிசத்தை வழிமுதலாகக் கொண்ட தீவிர வலதுசாரிக் கட்சியொன்றின் இளைஞர் அணியினர் இந்நூலைத் தம் நூலாக வரித்துக்கொண்டனர். 1977இல் அவர்கள் கூட்டிய இளைஞர் முகாமுக்கு 'ஹொபிற் முகாம்' என்றே பெயரிட்டனர். மரபு, வேர், பண்டைப் பெருமை, சீர்குலைந்த நவீன உலகின்மீது வெறுப்பு என்பனவே இக்கதையில் அவர்கள் கண்டவை. கலிபோர்னிய மாணவர் சமாதானத்தைக் கண்ட அதே பக்கங்களில், இவர்கள் குருதியையும் மண்ணையும் கண்டனர். அவ்வரசியல் மரபில் வளர்ந்து, ரொல்கீன் மீதான ஈடுபாட்டை வெளிப்படையாகக் கூறிவந்த ஜோர்ஜியா மெலோனி 2022இல் இத்தாலியின் பிரதமரானார். 2023இல் உரோமின் தேசிய நவீன கலைக்கூடத்தில் ரொல்கீன் பற்றிய பெருங்கண்காட்சியும் நடைபெற்றது.

ரொல்கீன் இவ்வாசிப்பை ஏற்றிருப்பாரா? 1938இல் 'த ஹொபிற்' நூலை வெளியிட விரும்பிய ஜேர்மன் பதிப்பகமொன்று அவர் ஆரிய வழிவந்தவரா என உறுதிப்படுத்துமாறு கேட்டது. அவர் எழுதிய மறுமொழிப் படிகளுள் எஞ்சியுள்ள ஒன்று, ஆரியர் என்ற சொல்லின் மொழிநூற் பொருளை அப்பதிப்பகத்தாருக்குக் கற்பித்து, யூத மக்களின் ஆற்றலைப் புகழ்ந்து, அவர்களிடையே தமக்கு மூதாதையர் இல்லாமைக்கு வருந்துகின்றது. அந்நூலின் ஜேர்மன் மொழிபெயர்ப்பு 1957இலேயே வெளிவந்தது. தாம் நேசித்த வடபுலத்து மரபை இட்லர் மாசுபடுத்திவிட்டான் என 1941இல் மகனொருவருக்கு எழுதிய கடிதத்திற் சினந்திருக்கின்றார்.

ஆயினும் ஆசிரியரின் உள்ளக்கிடக்கையைக் காட்டி நூலை முற்றாக விடுவித்துவிட முடியாது. கதையிலே தீய சக்தியின் படையிற் சேர்வோர் கிழக்கிலும் தெற்கிலுமிருந்து வரும் கருநிற மக்களாயிருப்பதும், ஓர்க்குகள் என்னும் இனம் முழுவதும் திருந்த வழியற்றதாகக் காட்டப்படுவதும், மேற்குலகுக்கு வெளியே வாழும் எந்த வாசகனையும் உறுத்தவே செய்யும். ஓர்க்குகளின் நிலை ஆசிரியரையே உறுத்தியது என்பதைக் கிறிஸ்ரபர் ரொல்கீன் பதிப்பித்த பிற்காலக் குறிப்புகள் காட்டுகின்றன. ஓர் இனம் பிறப்பாலேயே தீயது எனக் கொள்வது, தீமை எதனையும் படைக்காது, உள்ளதைக் கெடுக்க மட்டுமே வல்லது என்ற அவருடைய சமயக் கோட்பாட்டோடு முரண்பட்டது. இச்சிக்கலுக்கு இறுதிவரை அவர் நிறைவான விடை காணவில்லை.

நூலுக்குள்ளேயே ஒரு மறுகுரலும் உண்டு. இரண்டாம் பாகத்தில், சாம் என்னும் தோட்டக்காரன் தன் கண்முன்னே வீழ்ந்திறக்கும் தென்னாட்டுப் போர்வீரன் ஒருவனைக் காண்கின்றான். அவன் பெயர் என்ன, உண்மையிலேயே தீயவனா, எந்தப் பொய்யும் பயமுறுத்தலும் அவனை வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் அழைத்துவந்தன என்று சாம் எண்ணுகின்றான். மூன்று பாகங்களில் இது சில வரிகளே. ஆயினும் சொம் போரில் எளிய படைவீரரோடு வாழ்ந்த ஒருவரால் மட்டுமே அவ்வரிகளை எழுதியிருக்க முடியும். கருநிறப் பகைவரைப் பற்றிய பொது வருணனை மரபிலிருந்து வந்தது; இவ்வொரு மனிதனைப் பற்றிய வினா அனுபவத்திலிருந்து வந்தது.

வெற்றியினுள் இருக்கும் தோல்வி

நூலின் நிலைபேற்றுக்கு மற்றொரு காரணம் அதன் முடிவாகும். வீரக்கதைகளின் நாயகர் புதையலைத் தேடிச் செல்வர். இங்கு நாயகன் கையிலுள்ளதைத் தொலைக்கச் செல்கின்றான். அவனும் இறுதிக் கணத்திற் தோற்றுவிடுகின்றான். எரிமலையின் விளிம்பிலே மோதிரத்தை எறிய மனமின்றி, அதனைத் தனதெனப் புரோடோ உரிமை கொண்டாடுகின்றான். அவன் முன்னர் இரக்கப்பட்டு உயிரோடு விட்ட கொலம் என்ற இழிந்த பிறவி, அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்துத் தவறி வீழ்வதனாலேயே அது அழிகின்றது. உலகைக் காத்தது நாயகனின் வலிமையன்று. என்றோ அவன் காட்டிய இரக்கத்தின் விளைவு.

வென்று திரும்புவோர் ஷயர் என்னும் தம் ஊரும் கெடுக்கப்பட்டிருப்பதைக் காண்கின்றனர்: மரங்கள் வீழ்த்தப்பட்டு, பழைய ஆலை புகைகக்கும் கூடமாகி, ஊரவர் சிலரே ஆக்கிரமிப்பாளரின் ஏவலாளராயுள்ளனர். அதனை மீட்டபின்னும் புரோடோவின் காயம் ஆறுவதில்லை. ஊர் மீட்கப்பட்டது, ஆனால் தனக்காகவன்று என உணர்ந்து அவன் கடல்கடந்து போகின்றான். 1918இன் பின் வீடு திரும்பியும் திரும்பாதவராய் வாழ்ந்த ஒரு தலைமுறையின் துயர் இதில் உறைந்துள்ளது. போர் முடிந்ததும் யாவும் பழையபடி ஆகிவிடும் என்ற பொய்யான ஆறுதலை இந்நூல் கூறவில்லை. வாசகனை உறங்கவைக்கும் தாலாட்டு இவ்வாறு முடிவதில்லை.

நூலின் குறைகளும் வெளிப்படையானவை. பெண் பாத்திரங்கள் மிகச் சில. ஆட்சிக்குரிய குருதி என்ற கருத்து கேள்வியின்றி ஏற்கப்படுகின்றது. ஷயரில் எசமானனும் வேலைக்காரனும் தத்தம் நிலையில் மகிழ்ந்திருப்பதாகக் காட்டப்படுகின்றது. ஆனால் பயணத்தின் முடிவில் எசமானனைத் தோளிற் சுமந்து மலையேறுபவன் வேலைக்காரனே. ஊரை மீண்டும் நட்டு வளர்ப்பவனும் அவனே. முதல் உலகப் போரிற் தாம் கண்ட சாதாரண படைவீரரின் சாயலே சாம் என ரொல்கீன் கூறியுள்ளார்.

முடிவுரை

ரொல்கீன் 1973 செப்டெம்பர் 2ஆம் திகதி காலமானார். 'சில்மரிலியன்' 1977இல் மகனின் பதிப்பாக வெளிவந்தது. 1983 முதல் 1996 வரை பன்னிரு தொகுதிகளாக ஏனைய கையெழுத்துப் படிகளும் வெளியாயின. 1981இல் பி. பி. சி. வானொலி நாடகம், 2001 முதல் 2003 வரை பீற்றர் ஜக்சனின் மூன்று திரைப்படங்கள், 2022இற் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் என ஒவ்வொரு சாதனமும் புதிய வாசகரைக் கொண்டுவந்தது. மூன்றாம் திரைப்படம் 2004இற் பதினொரு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. வணிகம் இந்நிலைபேற்றிற்குத் துணைசெய்தது உண்மையே; எனினும், 1965இன் மாணவரையும் ஹங்கேரியச் சிறையிலிருந்து மீண்டவரையும் வணிகம் மட்டும் விளக்காது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இந்நூலின் நிலைபேற்றுக்கு மூன்று காரணங்கள் புலனாகின்றன: மொழிநூற் பயிற்சியாற் பெறப்பட்ட ஆழம், போரின் இழப்பிலிருந்து பிறந்த உண்மை, வாசகன் தன் காலத்தைப் பொருத்திப் பார்க்க இடந்தரும் திறந்த அமைப்பு. இவற்றுள் மூன்றாவதே நூலின் பலம். அதன் ஆபத்தும் அதுவே. பண்டைப் பெருமை, இழந்த நாடு, திரும்பிவரும் மன்னன் ஆகியன எந்த மக்களையும் வசீகரிக்கும் கதைகள். அவற்றை வாசிப்போர் தம்மை மன்னனின் படையிலே வைத்துக்கொள்வது இலகு. வீழ்ந்து கிடக்கும் தென்னாட்டானின் பெயரைக் கேட்பது அரிது. இத்தாலிய முகாமில் இக்கதையை வாசித்தோரும் சாமின் அவ்வரிகளைக் கடந்தே சென்றிருப்பர். தொன்மங்கள் தாமாக விடுதலையும் தருவதில்லை, கொடுமையும் செய்வதில்லை. எந்த வரியில் நின்று சிந்திக்கின்றோம், எந்த வரியைக் கடந்து போகின்றோம் என்பதிலேயே அவை எமக்கு என்ன செய்யும் என்பது தங்கியுள்ளது. இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒருங்கே பயிலும் மாணவர் இந்நூலை இன்றும் எடுத்து நோக்குவதற்கு இது ஒன்றே போதிய காரணமாகும்.